மறதிக்காரப் பெரியம்மா சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? (திருகோணமலை, உதவி தேவை)

பாலையூற்றுக்காரி · ஞாயிறு, இரவு 10.40

மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்துவிட்டேன். இந்த முறை திரும்பிப் பார்க்காமல் போட்டுவிடுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு 79 வயது. உவர்மலையில் மகன் வீட்டில், அதாவது என் அண்ணா வீட்டில் இருக்கிறார். போன வருடம் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஒப்பரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு மறதி கூடிவிட்டது. என்ன வருடம் என்று கேட்டால் ஒருநாள் 1983 என்பார், இன்னொரு நாள் சந்திரிகா ஜனாதிபதியாக இருந்த காலம் என்பார்.

நடக்கப் பழக்குவதற்காகச் செவ்வாயும் வெள்ளியும் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். அண்ணாவும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள். சமைக்க வருகிற அக்கா குசினியில் இருப்பார். "ஆச்சிக்குக் கூச்சம், கதவைச் சாத்தித்தான் பழக்க வேணும்" என்று வருகிறவரே சொன்னாராம்.

இரண்டு மாதமாகப் பெரியம்மா குளிக்க மறுக்கிறார். நேற்று நான் போய்க் கெஞ்சிக் கூத்தாடிக் குளிக்க வார்த்தேன். பாவாடை நாடாவை மூன்று முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் இரண்டு ஊசியும் குத்தியிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே நடுங்குகிற கை அது. எனக்கு அவிழ்க்க முடியவில்லை, பல்லால் இழுத்துத்தான் அவிழ்த்தேன். தொடையின் உட்பக்கம் கண்டல். "என்ன பெரியம்மா இது?" என்றதற்கு, "நாளைக்குச் செவ்வாய்க்கிழமையா பிள்ளை?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் கையை வைக்கிறான். சத்தம் போட்டா நடக்கப் பழக்கமாட்டானாம்" என்றார்.

வருடம் தெரியாதவருக்குச் செவ்வாய்க்கிழமை தெரிகிறது.

அண்ணா, "அம்மாவுக்கு எல்லாம் குழம்பிப்போச்சு, போன மாசம் என்னையே ஆர் நீ எண்டு கேட்டவ" என்கிறார். அண்ணி மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம் என்கிறார். அந்த ஆளை நிறுத்திவிட்டால் போதும், வெளியில் கதைக்க வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. நான் என்ன செய்ய வேண்டும்?

பழைய நர்ஸ் · ஞாயிறு, இரவு 11.15

தங்கச்சி, முதலில் நேரத்தைப் பாருங்கள். அவன் கடைசியாக வந்தது வெள்ளிக்கிழமை பகல் என்றால் நாளைப் பகலோடு 72 மணித்தியாலம் முடிகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டொக்டர் நினைத்தால் அதற்குள் தொடங்க வேண்டும். உடலில் எடுக்கக்கூடிய மாதிரிகளும் நேரம் போகப் போகக் கெட்டுவிடும். குளிக்க வார்த்துவிட்டோமே என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். குளித்திருந்தாலும் போங்கள், 72 மணி கடந்திருந்தாலும் போங்கள். கண்டலைப் பார்த்து அளந்து எழுத ஒரு வைத்தியர் வேண்டும்.

வெள்ளிக்கிழமை உடுத்திருந்த உடுப்பு தோய்க்காமல் கிடக்கிறதா? கிடந்தால் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் வைத்தால் வேர்த்துப் பழுதாகிவிடும். அந்தப் பாவாடை நாடாவையும் ஊசியையும் கூட வையுங்கள்.

இன்னொன்று. இனி நீங்களாகக் கேள்வி கேட்காதீர்கள். "அவன் அப்படிச் செய்தானா, இங்கே தொட்டானா" என்று எடுத்துக் கொடுத்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அவராகச் சொன்னதை, அவர் சொன்ன அதே வார்த்தையில், திகதியும் நேரமும் போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். "பாலியல் தொல்லை கொடுத்தார்" என்று அழகாக மாற்றி எழுத வேண்டாம். "கையை வைக்கிறான்" என்றால் கையை வைக்கிறான் என்றே எழுதுங்கள்.

முதலில் பொலிசுக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு கதை ஊரில் இருக்கிறது. அப்படியில்லை. நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அனுமதித்த பிறகு ஆஸ்பத்திரிப் பொலிஸ் மூலமாகவே படிவம் வரும், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். பெண் டொக்டர் வேண்டுமென்று கேளுங்கள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்று ஒரு அறை இருக்கும், வன்முறைக்கு ஆளானவர்களோடு கதைக்கவே வைத்தது. அங்கே பெரும்பாலும் இளம் பிள்ளைகள்தான் வருவார்கள். 79 வயதுக்காரியைக் கூட்டிப் போனால் யாராவது ஒரு மாதிரிப் பார்க்கலாம், பார்க்கட்டும்.

கடலோரக் கிழவன் · திங்கள், காலை 5.50

எனக்கு 71. யாரையும் காப்பாற்ற இதை எழுதவில்லை. ஆனால் மறதி வந்த ஆட்கள் தொடுகையைத் தவறாக விளங்கிக்கொள்வது உண்டு. என் மாமி கடைசிக் காலத்தில் சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறாள் என்று சொந்த மகளையே சொன்னவ. இடுப்பு ஒப்பரேஷன் செய்தவரை நடக்கப் பழக்குகிறவன் தொடையைப் பிடிக்காமல் எப்படிப் பழக்குவான்? வயது போனவர்களுக்கு ரத்தத்தை இளக்க மருந்து கொடுப்பார்கள், கதிரையில் இடித்தாலே கண்டல் வரும். ஒரு வேலைக்காரப் பிள்ளையின் வாழ்க்கையும் இதில் இருக்கிறது. யோசித்துச் செய்யுங்கள்.

பழைய நர்ஸ் · திங்கள், காலை 6.20

ஐயா, நீங்கள் சொன்ன ரத்த மருந்துக் கதை உண்மை. வார்ஃபரின், அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு லேசாக இடிபட்டாலும் கறுக்கும். அதனால்தான் நாமே தீர்ப்புச் சொல்லாமல் டொக்டரிடம் காட்டச் சொல்கிறேன். ஆனால் அந்த மருந்துக்கதைக்குப் பின்னால் எத்தனை காயம் ஒளிந்து போகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் நான் வேலை செய்த ஒரு வார்டில் ஒரு ஆச்சி. திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று, கொஞ்சம் ரத்தக் கசிவு. வயது என்று எழுதினோம். மாதவிடாய் நின்ற பிறகு உள்தோல் மெலியும், அதுவும் சரிதான். வீட்டிலிருந்து ஒரு ஆள் பார்க்க வந்தால் மட்டும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வா. குளிராக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். நிறுத்தியது நான்தான்.

அடுத்தது, மறதி வந்தவர்களுக்குச் சம்பவம் மறந்தாலும் பயம் தங்கிவிடும். பெயர் வராது, ஆள் வந்தால் உடம்பு இறுகும். உங்கள் மாமி மகளைச் சொன்னது போல எல்லாரையும் சந்தேகித்தால் ஒரு கதை. இங்கே ஒரே ஆள், இரண்டு கிழமைநாள், ஒரே பயம்.

டொரண்டோத் தம்பி · திங்கள், காலை 7.05

எதுக்குப் பொலிஸ், கோட்ஸ்? அவன்ட படத்தை எடுத்து முகநூலில் போடுங்கோ. நாங்கள் இங்கே இருந்து பரப்புகிறோம். ஆச்சியின் படமும் போட்டால்தான் சனம் நம்பும்.

மட்டுறுத்துநர் · திங்கள், காலை 7.30

தம்பி, அடுத்த பதிவு இப்படி வந்தால் நீக்குவேன். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டிப் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். வீதிப் பெயர், வேலையிடம், ஆஸ்பத்திரி வார்டு எதுவும் இங்கே வேண்டாம். பாலையூற்றுக்காரி, நீங்களும் இனிமேல் எழுதும்போது கவனம். திருகோணமலை சின்ன ஊர்.

கறுப்புக்கோட் · திங்கள், காலை 8.10

கோட்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன், மிச்சம் இரவு.

"மறதிக்காரியின் சொல் கோட்டில் எடுபடாது" என்று அண்ணா சொன்னால் நம்ப வேண்டாம். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 118ஆம் பிரிவு: எல்லாரும் சாட்சி சொல்லத் தகுதியானவர்கள். சிறு வயது, முதுமையின் தளர்ச்சி, நோய் காரணமாகக் கேள்வியை விளங்கிக்கொள்ளவோ பொருத்தமாகப் பதில் சொல்லவோ முடியாது என்று நீதிமன்றம் கருதினால் மட்டும் விலக்கு. அதைத் தீர்மானிப்பது நீதவான். அண்ணாவுக்கும் பொலிசுக்கும் அந்த அதிகாரம் இல்லை. "வருடம் என்ன" என்பது அங்கே கேள்வியும் இல்லை. செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் யாரிடம் சொன்னாரோ அவரும் சாட்சி. அதாவது நீங்கள். அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மூதூர் ராத்தா · திங்கள், காலை 9.45

நான் பெண்கள் அமைப்பு ஒன்றோடு பல வருடம் வீடு வீடாகப் போனவள். படகில் போய், பிறகு பாலம் வந்த பிறகு கிண்ணியாவைச் சுற்றி பஸ்ஸில் போய் என்று இந்த மாவட்டம் முழுக்க அலைந்திருக்கிறேன். இது வெளியாள் செய்ததாகத் தெரிகிறது. கேட்கவே மனது கஷ்டப்படும், ஆனால் வெளியாள் என்றால் ஒரு விதத்தில் லேசு. அவனை நிறுத்தினால் அந்த மனிசிக்குச் சோறு நிற்காது.

நான் பார்த்ததில் ஒன்று மருமகன். அந்த உம்மாவின் பென்ஷன் புத்தகமும் அவனிடம், மருந்தும் அவனிடம். ஊர்ப் பெரியவர்கள் கூடி, மன்னிப்புக் கேட்க வைத்து, அவருக்கு ஒரு தனி அறை கட்டிக் கொடுப்பதென்று முடித்தார்கள். அந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் கொண்டி இருந்தது. நான் போய்ப் பார்த்த அன்றைக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. கோயிலோ பள்ளிவாசலோ மத்தியஸ்த சபையோ முடித்து வைக்கிற சங்கதி இல்லை இது.

வீட்டு ஆள் செய்திருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய், தகப்பன், பாட்டன், பாட்டி எல்லாருக்கும் பொருந்தும். நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், 12 மாதம் வரை கொடுப்பார்கள். பாதிக்கப்பட்டவரால் போக முடியாவிட்டால் அவருக்காகப் பொலிஸ் விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டளை எடுத்த அன்று இரவு அவர் எங்கே படுப்பார் என்பதை முதலில் தீர்த்துவிட்டுப் போங்கள். கட்டளையோடு அதே வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கடலோரக் கிழவன் · திங்கள், பகல் 1.20

காலையில் எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். "யோசித்துச் செய்யுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். அண்ணாவும் அதைத்தான் சொல்கிறார் போல.

இன்னொன்று கேட்கிறேன். ஆம்பிளை என்றால் சட்டம் என்ன சொல்லும்? ஒரு சிநேகிதன், என் வயதுதான். பக்கவாதம் வந்து ஒரு இடத்தில் கிடந்தபோது, துடைத்து விடுகிற ஆள் இரவில் ஏதோ செய்திருக்கிறான். சிநேகிதன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்றான். பம்பர்ஸ் மாற்ற ஆள் வந்தால் இன்றைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

கறுப்புக்கோட் · திங்கள், இரவு 9.30

ஐயா, உங்கள் சிநேகிதருக்குச் சொல்லுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் 363ஆம் பிரிவு (வல்லுறவு) பெண்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆனால் 1995இல் 22ஆம் இலக்கத் திருத்தத்தில் 365ஆ வந்தது, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். அது ஆண் பெண் பார்க்காது. ஐந்து வருடத்துக்குக் குறையாமல் இருபது வருடம் வரை என்று சட்டத்தில் இருக்கிறது. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலம் 20 வருடம், ஆகவே பழைய கதை என்று விட வேண்டாம்.

பெரியம்மாவின் விஷயத்தில் எந்தப் பிரிவு என்பது வைத்திய அறிக்கையும் வாக்குமூலமும் வந்த பிறகுதான் தெரியும். 363 என்றால் ஏழு முதல் இருபது வருடம். உடலாலோ மனதாலோ இயலாத பெண் என்றால் குறைந்தது பத்து. எதிர்த்துப் போராடிய காயம் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாதவர் எப்படிப் போராடுவது?

ஒரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். செய்தவர் கணவன் என்றால், நீதிமன்றம் பிரித்து வைத்திருந்தாலொழிய அது 363இல் வராது. மனைவிக்கு மறதி முற்றி, ஆளையே அடையாளம் தெரியாமல் போனாலும் அப்படித்தான். இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

இப்போது உண்மையான பிரச்சினை. பொலிஸ் நீதவானுக்கு பி அறிக்கை (விசாரணையில் தெரிந்ததைச் சொல்லும் அறிக்கை) போடும், வழக்குக் கோவை சட்டமா அதிபருக்குப் போகும், அங்கிருந்து குற்றப்பத்திரிகை மேல் நீதிமன்றத்துக்கு வரும். இதற்கு வருடக்கணக்கில் போகும். 25 வயதுப் பிள்ளை காத்திருக்கலாம், 79 வயது காத்திருக்குமா? கோட்டில் ஒருமுறை சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணைக்கு மற்றப் பக்கத்துக்கும் இடம் கிடைத்திருந்தால், சாட்சி பிறகு இறந்துவிட்டாலும் அந்தச் சாட்சியத்தை எடுக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு வழி விடுகிறது. பொலிசில் கொடுத்த வாக்குமூலம் அந்த இடத்தை நிரப்பாது. ஆகவே முதல் தவணையிலிருந்தே வயதைச் சொல்லி, மறதி கூடுகிறது என்ற வைத்திய அறிக்கையோடு, முந்தி எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காதவனுக்கு இங்கே திகதிதான் கிடைக்கும்.

பாலையூற்றுக்காரி · புதன், இரவு 11.50

திங்கள் காலையிலேயே போய்விட்டோம். அண்ணா வரவில்லை. சமைக்கிற அக்கா வந்தா. த்ரீவீலில் ஏறும்போதுதான் சொன்னா, தனக்குச் சந்தேகம் இருந்ததாம், சொன்னால் வேலை போய்விடும் என்று பயமாம். அவவை நான் ஏசவில்லை.

முறைப்பாடு எழுதிய இடத்தில் முதல் கேள்வி, "ஆச்சிக்கு எத்தனை வயசு? இந்த வயசிலயா?" பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். பெரியம்மாவும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. சிங்களத்தில் எழுதத் தொடங்கினார்கள். இங்கே நிர்வாக மொழி தமிழ்தானே, தமிழில் எழுதி வாசித்துக் காட்டினால்தான் கையொப்பம் என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் வந்தா. அவ நல்லவ.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு சின்னப் பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, பெரியம்மாவின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கிற மாதிரி இருந்துகொண்டா. அரை மணித்தியாலம் கோணேசர் கோயில் தேரைப் பற்றித்தான் கதை. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய் காலை, அவருக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே முழுதும் சொன்னார். டொக்டரைக் கூப்பிட ஓடினேன். நான் எழுதியதைவிடக் கூட இருக்கிறது. இங்கே எழுத முடியாது.

பழைய நர்ஸ் · வியாழன், காலை 6.00

தலை இழுக்கும்போது, கால் பிடிக்கும்போது, பூத் தொடுக்கும்போதுதான் அந்த வயதுக்காரர்களுக்கு வாய் திறக்கும். முகத்துக்கு முகம் பார்த்து ஃபைலை விரித்தால் திறக்காது. அந்தச் சின்ன டொக்டருக்கு யாரோ நல்லபடி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூதூர் ராத்தா · வியாழன், காலை 10.15

"இந்த வயசிலயா" என்ற கேள்விதான் எல்லாக் கதவையும் சாத்துகிறது. 2017இல் 28 நாடுகளின் 52 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வீடுகளில் வாழும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆறில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒரு துன்புறுத்தல் நடந்திருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் 0.9 வீதம். இல்லங்களைத் தனியாகப் பார்த்த இன்னொரு ஆய்வில், அங்கே இருப்பவர்கள் சொன்னது 1.9 வீதம். உலக சுகாதார நிறுவனம் எடுத்துப் போடுகிற கணக்குகள் இவை. அந்த 0.9ஐக் காட்டி, பார்த்தீர்களா சின்னத் தொகைதானே என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். நூறு முதியோரில் ஒருவர், அதுவும் வாய் திறந்து சொன்னவர் மட்டும். வெட்கத்தில் விழுங்கியவரும் பேச்சே போனவரும் அந்தக் கணக்கில் எங்கே?

தங்கச்சி, பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். அவர் காதிலும் போட்டு வையுங்கள். வழக்கை நடத்தமாட்டார், ஆனால் பெரியம்மாவை வேறு இடத்தில் வைக்க வேண்டி வந்தால் அவர் வேண்டும். இல்லம் பார்க்கிறதென்றால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிந்ததா என்று கேட்டு, இரவில் யார் வேலை, ஆண்களா பெண்களா, அறைக்கு உள்ளே இருந்து பூட்ட முடியுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். கொண்டி எந்தப் பக்கம் என்று நான் இப்போதும் முதலில் பார்ப்பேன்.

பாலையூற்றுக்காரி · ஐந்து வாரம் கழித்து

இழையைத் திரும்பத் திறப்பதற்கு மன்னியுங்கள்.

பெரியம்மா இப்போது என்னோடு. ஆளைப் பிடித்தார்கள், வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கிறது. அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம் என்று கறுப்புக்கோட் தனியாகச் சொன்னார். அண்ணா இரண்டு கிழமை கதைக்கவில்லை. போன ஞாயிறு பப்பாசிப்பழம் வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்றபடி கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா, "யாரது, போஸ்ட் ஒபிஸ் தம்பியா?" என்றார். அண்ணாவுக்குக் கேட்டிருக்கும்.

முடிச்சு இப்போதும் மூன்றுதான். ஊசி மட்டும் இல்லை.

அடுத்த தவணைக்குப் பெரியம்மாவையும் கூட்டி வரச் சொல்கிறார்கள். படி ஏற முடியாது. அந்த ஆளும் அங்கே நிற்பான் என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்யலாம்?

கறுப்புக்கோட் · அதே நாள், இரவு

2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்தில், எதிரியின் முகத்தைப் பார்க்காமல் வேறு இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்ல இடம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் போடுவோம். கிடைக்குமா என்று இப்போது சொல்லமாட்டேன். டொக்டரிடம், நடக்க முடியாது, அந்த ஆளைக் கண்டால் பதற்றம் வருகிறது என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். சக்கர நாற்காலி நான் ஒழுங்கு செய்கிறேன். காலை எட்டரைக்கே வாருங்கள், முதல் ஆளாகக் கூப்பிடச் சொல்லி கோட்ஸ் உத்தியோகத்தரான முதலியாரிடம் கேட்கிறேன்.

பழைய நர்ஸ் · அதே நாள், இரவு

பம்பர்ஸ் இரண்டு, மாற்றுப் பாவாடை ஒன்று, தண்ணீர், அவர் விரும்பிச் சாப்பிடுகிற பிஸ்கட். காலை மருந்தை மறந்துவிட்டுப் போக வேண்டாம், ஆனால் நித்திரை வருகிற மருந்து இருந்தால் நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். காதுக்கருவிக்குப் புது பற்றரி போடுங்கள். அன்றைக்கு என்ன கிழமை வருகிறது?

பாலையூற்றுக்காரி · அதே நாள், இரவு

செவ்வாய்.

பழைய நர்ஸ் · அதே நாள், இரவு

சரி. அப்போ நானும் வாறேன்.